மானிறைச்சிக்கு ரொட்டி என்று பெயர்: அமெரிக்க எல்லைப்புறத்தில் அல்ஸ்டர் குடியேறிகளின் அன்றாடம்

1

1824-ல் ஜோசப் டாட்ரிட்ஜ் என்ற போதகர் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேற்குப் பென்சில்வேனியா, வர்ஜீனியா எல்லைப்புறக் குடியேற்றங்களையும் அங்கு நடந்த சண்டைகளையும் பற்றிய குறிப்புகள். டாட்ரிட்ஜ் 1769-ல் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருக்கும்போதே பெற்றோருடன் காட்டுக்குள் போனவர். போன புதிதில் கையிலிருந்த மாவு தீர்ந்துவிடுகிறது. ஆறு வாரத்துக்கு ரொட்டி கிடையாது. பெரியவர்கள் ஒரு உபாயம் பண்ணினார்கள். கொழுப்பில்லாத மானிறைச்சியையும் காட்டு வான்கோழியின் நெஞ்சுக்கறியையும் 'ரொட்டி' என்று சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். கரடிக்கறிக்கு மட்டும்தான் 'இறைச்சி' என்று பெயர். இந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்கவில்லை, வயிறு ஏதோ குறைகிறதென்று சொல்லிக்கொண்டே இருந்தது என்று டாட்ரிட்ஜ் எழுதுகிறார்.

எல்லைப்புறத்து அன்றாடத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இல்லாத ஒன்றின் பெயரை இருக்கிற ஒன்றின் மேல் ஏற்றுவது பசிக்காகச் செய்த காரியம். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் இதே பெயரிடல் வேறு இடங்களிலும் நடந்தது. மனிதர் நடமாடிய காட்டுக்கு 'வெற்று நிலம்' என்று பெயர் வைத்தார்கள். உழுது வாழ்ந்த, தேவாலயத்துக்குப் போன பூர்வகுடிகளுக்கு 'காட்டுமிராண்டி' என்று பெயர் வைத்தார்கள். இவர்களுக்கே பிற்பாடு 'ஸ்காட்ச்-ஐரிஷ்' என்று ஒரு பெயர் வந்து சேர்ந்தது.

கீழிருந்து வரலாறு எழுத வேண்டும் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அரசர், தளபதி, ஒப்பந்தம் என்பதை விட்டுவிட்டு அடுப்படி, கலப்பை, துணி என்று எழுத வேண்டும் என்கிறோம். சரி. அந்த அடுப்படிக்காரர்கள் தங்களுக்கும் கீழே இருந்தவர்களைக் கொன்றவர்களாக இருந்தால் என்ன செய்வது? கொன்றதை மட்டும் எழுதினால் அவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள் என்பது போய்விடும். அன்றாடத்தை மட்டும் எழுதினால் கொலை போய்விடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

2

முதலில் யார் இவர்கள்? 1607-ல் அல்ஸ்டரின் கத்தோலிக்கப் பிரபுக்கள் நாட்டைவிட்டு ஓடிய பிறகு ஆங்கில முடியரசு அவர்களது நிலங்களைப் பறிமுதல் செய்தது. 1609-லிருந்து அங்கே திட்டமிட்ட குடியேற்றம் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விவசாயிகள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். அங்கிருந்த ஐரிஷ்காரர்கள் மேட்டுக்கும் சதுப்புக்கும் தள்ளப்பட்டார்கள். ஆக அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே இவர்கள் ஒரு எல்லைப்புறத்தில்தான் இருந்தார்கள். அங்கேயும் அடுத்தவன் நிலம்தான். அங்கேயும் ஒரு பேரரசின் தேவைக்காகத்தான்.

ஆனால் பேரரசு தன் காவலாட்களைச் சமமாக நடத்தியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. இவர்கள் பிரஸ்பிட்டீரியன் கிறிஸ்தவர்கள். அரசின் சபையோ ஆங்கிலிக்கன் சபை. 1704-ல் வந்த சட்டம், அந்தச் சபையில் திருவிருந்து வாங்காதவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றது. தங்களுடையதல்லாத சபைக்குத் தசமபாகமும் கட்ட வேண்டியிருந்தது. 1699-ல் அயர்லாந்தின் கம்பளி ஏற்றுமதியை இங்கிலாந்து முடக்கியது. நீண்டகாலக் குத்தகைகள் முடிந்து புதுப்பிக்க வந்தபோது நிலக்கிழார்கள் வாரத்தைத் தாறுமாறாக ஏற்றினார்கள். கூடவே விளைச்சல் பொய்த்த வருஷங்கள். 1717, 1718-ல் தொடங்கிய கப்பலேற்றம் 1775 வரைக்கும் அலையலையாகத் தொடர்ந்தது. 1740-41 பஞ்சமும் 1770-களின் தொடக்கத்தில் லினன் நெசவு சரிந்ததும் அதைப் பெருக்கின. மொத்த எண்ணிக்கை குறித்து மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பதில் பெரிய தகராறில்லை. பயணச் செலவுக்குப் பணமில்லாத பலர் நாலைந்து வருஷ ஒப்பந்தக் கூலிகளாகத் தங்களையே அடகு வைத்து வந்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் இவர்களைப் பெரும்பாலும் 'ஐரிஷ்' என்றுதான் மற்றவர்கள் அழைத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் லண்டன்டெர்ரி என்ற ஊரை உருவாக்கிய குழுவின் போதகர் ஜேம்ஸ் மக்கிரெகர் 1720-ல் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் மனம் புண்பட்டுப் பேசுகிறார். ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு எதிராக பிரிட்டிஷ் முடிக்காக உயிரைப் பணயம் வைத்த எங்களைப் போய் ஐரிஷ் என்கிறீர்களே என்று. கவனியுங்கள், தன் அடையாளத்தைச் சொல்ல அவருக்குத் தன் கையில் ஒரு நல்ல பெயர் இல்லை. தான் யார் இல்லை என்பதைத்தான் சொல்ல முடிகிறது. 'ஸ்காட்ச்-ஐரிஷ்' என்பது பழைய சொல்தான் என்றாலும், பெருமைக்குரிய இனப்பெயராக ஆனது 19-ஆம் நூற்றாண்டில், 1840-களின் பஞ்சத்துக்குப் பிறகு ஏழைக் கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்த பின்புதான். 'நாங்கள் அவங்க இல்லை' என்று சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. 1889-ல் டென்னஸியில் 'ஸ்காட்ச்-ஐரிஷ் சங்கம்' தொடங்கப்பட்டது. சுதந்திர தாகம், தன்மானம், பைபிள், துப்பாக்கி என்று ஒரு குலப்பெருமை அங்கே கட்டமைக்கப்பட்டது. 1893-ல் பிரடெரிக் ஜாக்ஸன் டர்னர் எல்லைப்புறமே அமெரிக்க ஜனநாயகத்தின் தொட்டில் என்று அறிவித்தார். அந்தத் தொட்டிலில் கிடத்த ஒரு பிள்ளை தயாராக இருந்தது.

3

இவர்கள் காட்டோரத்துக்குப் போனது வீர சாகசத்தால் மட்டுமல்ல. வைக்கப்பட்டார்கள். பென்சில்வேனியாவின் செயலாளர் ஜேம்ஸ் லோகன் தானும் அல்ஸ்டரில் பிறந்தவர், மதத்தால் குவேக்கர். குவேக்கர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள். எல்லையில் ஆள் வேண்டும், தங்கள் கை கறைபடவும் கூடாது. 1720 வாக்கில் லோகன் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் இவர்களுக்கு நிலம் ஒதுக்குகிறார். அந்த இடத்துக்கு டொனெகால் என்று அல்ஸ்டர் பெயரே வைக்கப்பட்டது. 1689 முற்றுகையில் லண்டன்டெர்ரியைக் காத்தவர்களின் வழிவந்தவர்கள் இங்கேயும் நல்ல அரணாக இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. சுருக்கமாகச் சொன்னால் வேலி. வேலியை யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை.

பத்து வருஷம் கூட ஆகவில்லை, அதே லோகன் புலம்ப ஆரம்பித்துவிட்டார். வேறு மக்கள் ஐம்பது குடும்பங்கள் தரும் தொல்லையைவிட அயர்லாந்திலிருந்து வந்த ஐந்து குடும்பங்கள் தரும் தொல்லை அதிகம் என்றார். பென் குடும்பத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த கானஸ்டோகா நிலத்தில் இவர்கள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். கேட்டால், கிறிஸ்தவர்கள் உழைத்துச் சாப்பிட நிலமில்லாமல் தவிக்கும்போது இவ்வளவு நிலம் சும்மா கிடப்பது கடவுளின் சட்டத்துக்கும் இயற்கையின் சட்டத்துக்கும் விரோதம் என்று பதில் வந்தது. பாதி வாக்கியம் புரட்சி, மீதிப் பாதி காலனியம். நிலக்கிழாருக்கு எதிராகச் சொல்லும்போது அது உழுபவனுக்கே நிலம். பூர்வகுடிக்கு எதிராகச் சொல்லும்போது அது ஆக்கிரமிப்பு. வாக்கியம் மட்டும் ஒன்றுதான்.

மேலே இருந்தவர்கள் யோக்கியர்கள் என்றில்லை. 1737-ல் இதே லோகனும் தாமஸ் பென்னும் சேர்ந்து லெனாப்பே மக்களிடம் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டி, ஒருவர் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தூரம் வரையுள்ள நிலம் தங்களுடையது என்றார்கள். பிறகு வேகமான ஆட்களைப் பொறுக்கி, பாதை வெட்டி வைத்து, ஏறத்தாழ ஓட விட்டார்கள். லெனாப்பேக்கள் லட்சக்கணக்கான ஏக்கரை இழந்தார்கள். கனவான்கள் பத்திரத்தால் எடுத்தார்கள், குடியேறிகள் கோடாலியால் எடுத்தார்கள். ஆவணக் காப்பகத்தில் முன்னது 'கொள்முதல்', பின்னது 'அத்துமீறல்'.

பென்சில்வேனியாவில் இடம் இறுகியதும் கூட்டம் தெற்கே திரும்பியது. அப்பலாச்சிய மலைகளுக்கு இணையாகப் போன பெரும் வண்டிப்பாதை வழியே ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கும், அங்கிருந்து கரோலினாக்களின் உட்பகுதிக்கும் போனார்கள். 1736-ல் வில்லியம் பெவர்லிக்கு வர்ஜீனியா அரசு வழங்கிய 1,18,491 ஏக்கர் போன்ற பெரும் மானியங்களிலிருந்து துண்டு துண்டாக நிலம் வாங்கியவர்களில் இவர்கள் நிறைய. அங்கேயும் கணக்கு அதேதான். கடற்கரைத் தோட்ட முதலாளிகளுக்கும் மேற்கே இருந்த பூர்வகுடிகளுக்கும் நடுவே ஒரு மனிதச் சுவர்.

4

இனி அன்றாடம். மரம் வெட்டி வீடு கட்டுவது, காடு திருத்துவது, சோளம், உப்பு, துணி, சாராயம். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'தனித்துவமான எல்லைப்புறப் பண்பாடு' என்று இன்று அருங்காட்சியகங்களில் வைத்திருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இரவல்.

அல்ஸ்டரில் இவர்கள் வீடு கல்லும் மண்ணுமாக இருந்தது. மரத்துண்டுகளை மூலையில் கொத்திக் கோத்து அடுக்கும் வித்தை டெலவேர் ஆற்றங்கரையில் 1638-லிருந்து குடியிருந்த ஸ்வீடிஷ், ஃபின்னிஷ் மக்களிடமிருந்தும் ஜெர்மானியர்களிடமிருந்தும் வந்தது. அல்ஸ்டர்க்காரர்கள் அந்தச் சுவருக்குள் தங்கள் பழைய ஒற்றை அறையைப் பொருத்திக்கொண்டார்கள். ஆணி கிடைக்காது. கூரைப் பலகை பறக்காமலிருக்கக் கனத்த கழிகளை மேலே கிடத்தினார்கள். இடுக்குகளில் களிமண் பூச்சு. ஜன்னலுக்குக் கண்ணாடியில்லை, எண்ணெய் தடவிய காகிதம். மரத்தை வெட்டாமல் அடிப்பட்டையை வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே பட்டுப்போக விட்டு, இலையுதிர்ந்த வெளிச்சத்தில் விதைக்கும் முறை பூர்வகுடிகளுடையது. மக்காச்சோளமும் அதை இடித்துக் கஞ்சியாக்கும் பக்குவமும், தோல் பாதணியும், உலர்த்திய இறைச்சியும் அவர்களுடையவையே. நீண்ட குழல் துப்பாக்கி லான்காஸ்டர் பகுதி ஜெர்மானியக் கொல்லர்களின் கைவேலை.

உடுப்பைப் பற்றி டாட்ரிட்ஜ் சொல்வது ரசமானது. இளவட்டங்கள் கால்சட்டையை விட்டுவிட்டுப் பூர்வகுடிகளைப் போலக் கோவணமும் கால்மறைப்பும் கட்டிக்கொண்டு தொடை தெரியத் திரிந்தார்களாம். அதில் வெட்கமில்லை, பெருமைதான். அப்படியே கோயிலுக்கும் வந்துவிடுவார்கள், அது அங்கிருந்த இளம்பெண்களின் பக்திக்கு ஒன்றும் உதவவில்லை என்று போதகர் குறும்பாகச் சொல்கிறார். யாரை வெறுத்தார்களோ அவர்களைப் போலவே உடுத்திக்கொள்ள ஆசைப்பட்டார்கள். 'மற்றமை' வெளியே காட்டில் மட்டும் இருக்கவில்லை, இடுப்பிலும் இருந்தது.

பெண்கள் வேலை முடிவே இல்லாதது. ஆளிச்செடியைப் பறித்து, ஊறவைத்து, நாரைப் பிரித்து, சீவி, நூற்று, நெய்ய வேண்டும். லினன் பாவும் கம்பளி ஊடையும் சேர்த்து நெய்த முரட்டுத் துணிதான் எல்லோருக்கும் சட்டை, பாவாடை. அல்ஸ்டரில் சந்தைக்காக நெய்தவர்கள் இங்கே உடம்பை மூட நெய்தார்கள். எல்லைப்புற வரலாறு என்றால் துப்பாக்கியுடன் நிற்கும் ஆண்தான் படத்தில் வருவான். அவன் போட்டிருக்கும் சட்டைக்குப் பின்னால் ஒரு வருஷ உழைப்பு இருப்பது படத்தில் வராது.

உப்புக்குப் போவது ஒரு தனிக்கதை. இலையுதிர்காலத்தில் விதைப்பு முடிந்ததும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து பொதிக்குதிரைகளைக் கோத்துக் கட்டி, வருஷமெல்லாம் சேர்த்த தோல்களை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கிழக்கே போவார்கள். திரும்பும்போது உப்பும் இரும்பும். ஒரு புஷல் உப்புக்கு ஒரு நல்ல பசுவும் கன்றும் விலை. ரை தானியத்தைச் சாராயமாகக் காய்ச்சியதற்கும் இந்த மலைப்பாதைதான் முக்கியக் காரணம். குதிரை சுமக்கும் தானியம் கொஞ்சம், அதையே காய்ச்சிவிட்டால் பல மடங்கு தானியத்தின் மதிப்பு ஒரே பொதியில் போய்விடும். குடிகாரப் பயல்கள் என்று நகரத்துக் கனவான்கள் சொன்னது போக்குவரத்துப் பொருளாதாரம் தெரியாமல் சொன்னது. அதற்காக அவர்கள் குடிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. கல்யாணத்தில் பெண்வீட்டுப் புட்டிக்காக மாப்பிள்ளைப் பக்கத்து இளைஞர்கள் குதிரைப் பந்தயம் விட்டார்கள்.

சட்டம், கோர்ட், போலீஸ் எதுவும் பக்கத்தில் இல்லை. வீடு எழுப்பும்போது, அறுப்பின்போது, காவல் முறைக்கு வராமல் டிமிக்கி கொடுப்பவனை எல்லோருமாகச் சேர்ந்து 'வெறுத்து ஒதுக்கினார்கள்'. அவனோடு பேச்சில்லை, அவனுக்கு உதவியில்லை. அவன் திருந்த வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டுப் போக வேண்டும். பரஸ்பர உதவி என்கிற அழகான விஷயத்துக்குள் இந்தக் கத்தியும் இருந்தது. ஒரே நாளில் ஒரு புதுமணத் தம்பதிக்கு வீடு எழுப்பித் தந்த அதே கைகள், அதே ஒருமனப்பாட்டுடன் வேறு காரியங்களுக்கும் சேர்ந்தன. அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை. இந்த மக்கள் தாங்களே எழுதிவைத்தது குறைவு. கரோலினா உட்பகுதியில் 1766-லிருந்து சுற்றிய ஆங்கிலிக்கன் போதகர் சார்லஸ் உட்மேஸனின் நாட்குறிப்பைத்தான் பலரும் எடுத்தாள்கிறார்கள். அதில் இவர்கள் அழுக்கர்கள், சோம்பேறிகள், ஒழுக்கங்கெட்டவர்கள். பெண்கள் உடுத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் ஆராதனை நடத்தும்போது வெளியே நாய்ச்சண்டை மூட்டிவிட்டார்கள் என்று எரிச்சலோடு எழுதுகிறார். நமக்கு அந்த நாய்ச்சண்டையே ஒரு பிரதி. நூறு வருஷமாகத் தங்கள் மேல் சுமத்தப்பட்ட சபைக்கு அந்த மக்கள் எழுதிய பதில் அது. இன்னொரு பக்கம், இதே உட்மேஸன்தான் 1767-ல் உட்பகுதி மக்களுக்குக் கோர்ட் இல்லை, பள்ளி இல்லை, பாதுகாப்பு இல்லை என்று சார்ல்ஸ்டன் ஆட்சியாளர்களுக்குப் போன மனுவை எழுதித் தந்தவர். இகழ்ந்தவரே வக்கீலாகவும் இருந்தார். ஆவணம் இப்படித்தான் இருக்கும். நேர்கோட்டில் படிக்க முடியாது.

5

1754-ல் தொடங்கிய யுத்தமும் 1763-ல் பாண்டியாக் தலைமையில் எழுந்த பூர்வகுடிகளின் எழுச்சியும் எல்லைப்புறத்தை எரித்தன. நூற்றுக்கணக்கான குடியேறிகள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் கிழக்கே ஓடினார்கள். வேலியாக நிறுத்தியவர்கள் வேலிக்குத் தீப்பிடித்தபோது விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இது உண்மை. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வது நியாயமாகாது. அடுத்ததைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது அதைவிட அநியாயம்.

லான்காஸ்டர் பக்கத்தில் கானஸ்டோகா என்ற இடத்தில் சஸ்குவெஹானக் மக்களில் மிஞ்சிய 20 பேர் இருந்தார்கள். 1701-ல் வில்லியம் பென்னுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர்களின் வாரிசுகள். துடைப்பமும் கூடையும் செய்து அக்கம்பக்கத்தில் விற்றுப் பிழைத்தவர்கள். 1763 டிசம்பர் 14 விடியற்காலையில் பாக்ஸ்டன் பகுதியிலிருந்து வந்த அல்ஸ்டர்க் குடியேறிகள் அங்கே அகப்பட்ட 6 பேரைக் கொன்று குடிசைகளை எரித்தார்கள். மற்றவர்கள் வெளியே போயிருந்ததால் தப்பினார்கள். அந்த 14 பேரையும் பாதுகாப்புக்கென்று லான்காஸ்டரின் பணிக்கூடத்தில் வைத்தார்கள். டிசம்பர் 27 அன்று பகலிலேயே வந்து கதவை உடைத்து, குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் வெட்டினார்கள். எரிந்த குடிசைகளிடையே 1701 உடன்படிக்கைக் காகிதம் கிடைத்தது. யார் மேலும் வழக்கு நடக்கவில்லை.

1764 பிப்ரவரியில் சில நூறு பேர் பிலடெல்பியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அங்கே அடைக்கலமாயிருந்த மொரேவியன் சபைப் பூர்வகுடிகள்தான் குறி. ஜெர்மன்டவுனில் பெஞ்சமின் பிராங்க்ளின் முதலானோர் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவர்கள் தந்த மனுவைப் படித்தால் தலை சுற்றும். பிலடெல்பியாவுக்கும் அதைச் சுற்றிய மூன்று மாவட்டங்களுக்கும் சட்டசபையில் 26 இடம், எல்லைப்புற மாவட்டங்கள் ஐந்துக்கும் சேர்த்து 10 இடம். நாங்கள் சம உரிமையுள்ள குடிமக்கள் இல்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதே மனுவில் பூர்வகுடிகளின் தலைத்தோலுக்கு அரசு சன்மானம் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். இரண்டு கோரிக்கையில் எது நிறைவேறியது? பிரதிநிதித்துவம் கிடைக்கவில்லை. தலைத்தோல் சன்மானத்தை 1764 ஜூலையில் ஆளுநர் ஜான் பென் அறிவித்தார். பெண்களின் தலைத்தோலுக்கும் விலை இருந்தது. அதிகாரம் கீழே இருப்பவனுக்கு உரிமை தருவதைவிடத் தனக்குக் கீழே இருப்பவனைக் கொல்லும் அனுமதியை மலிவாகத் தந்துவிடும். அதற்குச் செலவு குறைவு.

6

டாட்ரிட்ஜின் இன்னொரு பால்ய நினைவு. ஆறேழு வயதில் படிப்புக்காக மேரிலாண்ட் போகும் வழியில் பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு சத்திரத்தில் தங்குகிறான் பையன். சுவர் பூசிய வீட்டை அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னக் கோப்பையும் அதற்கடியில் ஒரு தட்டும் வருகிறது. உள்ளே பழுப்பாக ஏதோ இருக்கிறது, பாலும் இல்லை, சோளக்கஞ்சியும் இல்லை. காப்பி. என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கிறான். அவன் ஊரில் மரத்தட்டும் சுரைக்குடுக்கையும்தான், கொஞ்சம் வசதியிருந்தால் ஈயத்தட்டு. கோப்பையும் தட்டும் மேன்மக்களுக்கு உரியவை.

இந்தக் கோப்பையை மனதில் வைத்துக்கொண்டு 1782-க்கு வாருங்கள். காலனிய ஆட்சி முடிந்துகொண்டிருந்தது. ஒஹையோ பகுதியில் நாடன்ஹூட்டன் என்ற ஊர். லெனாப்பே மக்களில் மொரேவியன் கிறிஸ்தவர்களாக ஆனவர்கள் வாழ்ந்த கிராமம். யுத்தத்தில் எந்தப் பக்கமும் சேராதவர்கள். அறுக்காமல் விட்ட சோளத்தை எடுக்க வந்திருந்தார்கள். மேற்குப் பென்சில்வேனியாவிலிருந்து வந்த குடிப்படை அவர்களைப் பிடித்தது. அல்ஸ்டர் வழியினர் நிறைந்த பகுதி அது, டாட்ரிட்ஜ் வளர்ந்த சுற்றுவட்டாரம். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வீடுகளில் தேநீர்க் கெண்டி இருக்கிறது, ஈயக் கிண்ணம் இருக்கிறது, கோப்பை இருக்கிறது, கோடாலி இருக்கிறது. இவையெல்லாம் வெள்ளையர் பொருள்கள். இந்தியனிடம் எப்படி வந்தது? ஆகவே கொள்ளையடித்தது. ஆகவே கொலைகாரர்கள். வாக்கெடுத்தார்கள். சிறுபான்மையினர் மறுத்து விலகி நின்றார்கள். இரவு முழுக்கப் பாட்டும் ஜெபமுமாக இருந்த 96 பேரை மார்ச் 8 காலையில் பீப்பாய் செய்பவனின் கொட்டாப்புளியால் அடித்துக் கொன்றார்கள். அதில் 39 பேர் குழந்தைகள்.

அன்றாடம் என்பது அரசியலுக்கு வெளியே இருக்கும் அமைதியான பிரதேசம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கோப்பையைக் காட்ட வேண்டும். பூர்வகுடியின் பாதணியையும் சோளத்தையும் கோவணத்தையும் குடியேறி எடுத்துக்கொள்ளலாம், அது 'எல்லைப்புறப் பண்பாடு'. குடியேறியின் கோப்பையைப் பூர்வகுடி வைத்திருந்தால் அது திருட்டு. இரவல் ஒரு திசையில்தான் அனுமதிக்கப்பட்டது. தங்களுக்கே எட்டாத மேன்மக்கள் பாத்திரம் அவர்களுக்குக் கீழே இருப்பவன் வீட்டில் இருந்தது என்பதில் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

இந்தப் படுகொலையை டாட்ரிட்ஜ் கண்டிக்கிறார். ஆனால் அவர் சொல்லும் இன்னொன்று முக்கியம். அவர்கள் எல்லோரும் போக்கிரிகள் இல்லை என்கிறார். பலர் ஊரில் மதிப்பானவர்கள், பலர் சமீபத்தில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள். அதாவது வீடு எழுப்பித் தந்தவர்கள், உப்புக்குக் கூடப் போனவர்கள், கல்யாணத்தில் ஆடியவர்கள். வெறியர்கள் சிலர் செய்தது என்று எழுதிவிட்டால் வரலாற்றாசிரியனுக்கு நிம்மதி. டாட்ரிட்ஜ் அந்த நிம்மதியைத் தரவில்லை.

7

அதே 1824-ல் இன்னொரு புத்தகமும் வந்தது. மேரி ஜெமிஸன் என்ற எண்பது வயது மூதாட்டி ஜேம்ஸ் சீவர் என்பவரிடம் சொன்ன வாழ்க்கைக் கதை. 1743-ல் அல்ஸ்டரிலிருந்து வந்த கப்பலிலேயே பிறந்தவள். 1758 வாக்கில் பென்சில்வேனியாவில் அவள் வீட்டை ஷானி வீரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தாக்குகிறார்கள். பெற்றோரும் உடன்பிறந்தாரில் பலரும் கொல்லப்படுகிறார்கள். அவளைச் செனிக்கா இனத்துப் பெண்கள் இருவர், யுத்தத்தில் செத்த தங்கள் சகோதரனுக்கு ஈடாகத் தங்கையாக ஏற்கிறார்கள். அவளும் அங்கேயே மணந்து, பிள்ளை பெற்று, வாழ்ந்தாள். திரும்பிப் போக வாய்ப்பு வந்தபோது போகவில்லை. தன் பிள்ளைகளை உறவினர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தன் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவள் அவள். செனிக்காப் பெண்களின் வேலை வெள்ளைக்காரப் பெண்களின் வேலையைவிடக் கடினமில்லை, மேற்பார்க்க எசமானன் இல்லை, பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம் என்கிறாள். நடுவில் சீவரின் பேனா இருப்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சோளத்தையும் மண்வெட்டியையும் பற்றிப் பேசும் குரல் அவளுடையது என்றே படுகிறது.

1779-ல் வாஷிங்டன் அனுப்பிய சல்லிவனின் படை செனிக்கா ஊர்களை எரித்தது, சோளத்தை எரித்தது, பழமரங்களை வெட்டியது. குளிர்காலம் தலைக்கு மேல். மேரி பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கார்டோ என்ற ஆற்றுச் சமவெளிக்குப் போகிறாள். அங்கே ஒரு குடிசையில் எசமானர்களிடமிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பர்கள் சோளம் விளைவித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சோளம் உரித்துக் கொடுத்து, கூலியாகப் பங்கு வாங்கி அந்தக் குளிர்காலத்தைக் கடக்கிறாள். அவள் உரிக்கும்போது யாராவது வந்து அவளைக் கொன்றுவிடப் போகிறார்களே என்று அவர்களில் ஒருவன் துப்பாக்கியோடு பக்கத்திலேயே காவல் நிற்கிறான். அது தனக்குச் சிரிப்பாக இருந்தது என்கிறாள் கிழவி.

அல்ஸ்டரில் வேரறுந்து கப்பலில் பிறந்து செனிக்காவாக ஆன ஒரு பெண்ணும், ஆப்பிரிக்காவிலிருந்து வேரறுக்கப்பட்டவர்களின் வழிவந்து தப்பியோடிய இருவரும் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்த குளிர்காலம் அது. இதை ஒரு மாற்றுக் குடியரசு என்று பெரிதாக்க வேண்டாம். ஒரே ஒரு குளிர்காலம்தான். பின்னாளில் 1797 உடன்படிக்கையில் அவளுக்கென்று ஒதுக்கிய கார்டோ நிலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறிப் போயிற்று. 1831-ல் பஃபலோ க்ரீக் ஒதுக்கிடத்துக்குப் போய் 1833-ல் அங்கேயே இறந்தாள். ஆனால் எல்லைப்புறத்தில் வேறு மாதிரி வாழ வழியே இல்லை, காலம் அப்படி, நிலைமை அப்படி என்று சொல்பவர்களுக்கு அந்தக் குளிர்காலம் இடைஞ்சலாக நிற்கிறது. நாடன்ஹூட்டனில் வாக்கெடுப்பில் மறுத்து விலகி நின்றவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

8

இந்த மக்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடவில்லை. 1989-ல் டேவிட் ஹேக்கெட் ஃபிஷர், பிரிட்டிஷ் எல்லைப்பகுதிப் பழக்கவழக்கங்களே அப்படியே அமெரிக்க உட்பகுதிக்கு வந்திறங்கின என்று விரிவாக எழுதினார். 2004-ல் ஜேம்ஸ் வெப், 2016-ல் ஜே. டி. வான்ஸ் என்று இந்த வம்சாவளியைச் சொல்லிக்கொள்ளும் அரசியல்வாதிகளின் புத்தகங்கள் விற்றுத் தீர்ந்தன. ரத்தத்திலேயே சண்டைக்குணம், ரத்தத்திலேயே தன்மானம் என்ற தொனி எங்கோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. குத்தகை இருந்தது, தசமபாகம் இருந்தது, லோகனின் கணக்கு இருந்தது, 26-க்கு 10 என்ற சட்டசபை இருந்தது, தலைத்தோலுக்கு விலை இருந்தது. குணம் என்று பெயர் வைத்துவிட்டால் இவற்றையெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

மறுபடி அந்தப் பிள்ளைகளிடம் வருகிறேன். மானிறைச்சியைக் கையில் கொடுத்து ரொட்டி என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள். ஆனால் வயிறு ஒப்பவில்லை என்பதை ஐம்பது வயதைக் கடந்த பிறகும் டாட்ரிட்ஜ் மறக்காமல் எழுதிவைத்தார். கானஸ்டோகாவில் துடைப்பம் விற்றவர்களுக்கு எதிரி என்று பெயர் வைத்தபோதும், கோப்பை வைத்திருந்தவர்களுக்குத் திருடர் என்று பெயர் வைத்தபோதும் யாருடைய வயிறு ஒப்பவில்லை, யார் அதை வாய்விட்டுச் சொன்னார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழிருந்து எழுதும் வரலாறு அங்கேயும் போக வேண்டும்.